அம்மா வயிற்றில் பாப்பா

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அம்மாவைத் தலைகுனிய வைத்தேன். அதற்காக வாங்கிய கிள்ளு தொடையில் நாலைந்து நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

அம்மா திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் டி-சர்ட்டுகளை நாள் முழுக்க நின்றபடியே புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று கண்டுபிடிக்கிற வேலை. ஊசி முனையளவு ஓட்டைகூடத் தப்பாது என்று அப்பா பெருமையடிப்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வயிறு மட்டும் கண்ணில் படவில்லை.

கை கால் இளைத்துக்கொண்டே போக, வயிறு மட்டும் உப்பியது. இரண்டு வாய் சோறு உண்டதும் போதும் என்பார். கேஸ் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் வயிறு பெரிதாகி, அப்புறம் ஒரு பாப்பா வந்திருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தம்பியா தங்கச்சியா என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஆடி நோம்பிக்கு அப்பாவின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் அம்மா பாதியிலேயே இலையை மூட, யாரோ ஏன் என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்கம்மாவுக்குப் பாப்பா பொறக்கப் போவுது!"

பந்தியே சிரித்தது. நாற்பத்திரண்டு வயது அம்மாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. அப்போது விழுந்ததுதான் அந்தக் கிள்ளு.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்தில் அம்மாவை மடக்கினார்.

"நெசமாவா புள்ள?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. வெறும் கேஸுங்க. ரெண்டு மாசமா இருக்குது."

"ரெண்டு மாசமாவா? பாப்பாவோ கேஸோ, நாளைக்கே ஸ்கேன் எடுத்துப் போடலாம்."

"ஷிப்மெண்ட் இருக்குதுங்க. லீவு குடுக்க மாட்டாங்க."

"நீ இல்லாட்டி கப்பல் நின்னுருமா? கெளம்பு."

ஸ்கேனில் பாப்பா இல்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தது. சினைப்பையில் கட்டி. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேன்சர் என்ற சொல்லைப் பெரியவர்கள் வாயில் எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து, வயிறு வற்றிப்போய் அம்மா வாடகை வேனில் வீட்டுக்கு வந்தார். கையில் ஒன்றுமில்லை. நான் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"பாப்பா எங்கம்மா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வெக்காத கண்ணு, தையல் புடுங்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு மூன்று வாரத்துக்கொரு தடவை, ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாய்ப்புண்ணால் மோர்கூட இறங்காத நாட்கள் உண்டு. அத்தை எங்களோடேயே தங்கிச் சமைத்தார், அதட்டினார், அம்மாவை நடக்க வைத்தார்.

கடைசியாக எடுத்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்த பெண் டாக்டர், "எல்லாம் சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க, போதும்" என்றார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அம்மா மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தைதான் என்னை முன்னால் தள்ளி, "இவ வாயாலதானுங்க ஸ்கேனுக்கே போனோம்" என்றார்.

டாக்டர் சிரித்தார். பிறகு ஃபைலைப் புரட்டி அம்மாவிடம், "உங்க அம்மா இல்லைன்னு எழுதியிருக்கு. எப்படிங்க தவறினாங்க?" என்று கேட்டார்.

"அவுங்களும் வயித்து நோவுலதானுங்க. என்னன்னே கண்டுபுடிக்கல."

டாக்டர் பேனாவைத் திறந்தார். என் பெயரையும் வயதையும் கேட்டு, அம்மாவின் ஃபைலில் எழுதி, அடியில் கோடும் போட்டார். அம்மாவைக் காப்பாற்றியது நான்தான் என்று பதிந்துகொள்கிறார் என நினைத்து, திருப்பூர் வரும்வரை பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டு வருடம் கழித்து அம்மாவே என்னை அதே அறைக்குக் கூட்டிப்போனார். ரத்தம் கொடுத்தேன். பாட்டி, அம்மா என்று குடும்பத்தில் இறங்கி வரும் அந்தக் கேன்சர் மரபணுக் குறை எனக்கு இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் அன்று என் பெயரை எழுதிக் கோடு போட்டது பாராட்டு இல்லை, வளர்ந்ததும் இவளையும் சோதிக்க வேண்டும் என்ற குறிப்பு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.