எல்லைக்கல் வரைக்கும் வந்த நாய்

மோப்ப நாய் கொலைக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊருக்கு அது மோட்டாருக்காக வந்தது. ஒரே மாதத்தில் மூன்று பம்புசெட்டுகளில் மோட்டார் காணாமல் போய், நான்காவதாக எங்களுடையதும் போன பிறகு, ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, நாயைப் பார்க்க முதல் ஆளாகப் போய் நின்றேன்.

ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் எங்கள் நிலம். அதன் நடுவிலேயே எல்லைக்கல் இருந்தது. கிணறும் மோட்டார் கொட்டகையும் புதுச்சேரி. கல்லைத் தாண்டி நாலு வயல் நடந்தால் வருகிற சித்தப்பா வீடு தமிழ்நாடு. பாகம் பிரித்தபோது மோட்டார் அப்பாவுக்கு வந்தது. கொல்லைக் குட்டையில் தண்ணீர் கிடந்தும் இறைக்க வழியில்லாமல் சித்தப்பாவின் கரும்பு காய்ந்தது. அவர் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்த்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது ஏழுமலை அண்ணன். தண்ணீர் பாய்ச்சுவதும் அவர்தான், கொட்டகையில் படுத்துக் காவல் காப்பதும் அவர்தான். மோட்டார் போன இரவு மட்டும் அவர் அங்கே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மா மாத்திரை கொடுத்தாள். அப்பா, தானே கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாப்பிட்டதும் வீட்டிலேயே குறட்டை விட்டார்.

ஜீப்பிலிருந்து சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு இறங்கினார். பின்னால் நாயும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரும். கொட்டகை வாசலில் திருடனின் கால்தடம் பதிந்து கிடந்த சாக்கை நாய்க்கு முகரக் கொடுத்தார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரப்பில் இறங்கி ஓட ஆரம்பித்தது. ஊரே பின்னால் ஓடியது. எல்லைக்கல்லுக்கு வந்ததும் நாய் நிற்கவில்லை, போலீஸ்காரர்தான் நின்றார். கயிறு விறைத்தது. நாய் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு இழுத்தது. ஏட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாண்ட நம்ம லிமிட் இல்ல. அந்த ஸ்டேஷனுக்கு எழுதிப் போட்டு, அவங்க வந்தாதான்."

மோட்டாருக்கும் திருடனுக்கும் இல்லாத எல்லை நாய்க்கு மட்டும் இருந்தது. நாய் இழுத்த திசையில் ஒரே ஒரு கூரைதான் தெரிந்தது. அது யார் வீடு என்று ஏட்டு கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. அந்தப் பக்கம் நிறைய வீடு இருக்கிறது என்று அப்பா பொதுவாகச் சொன்னார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஊர்க்காரர்கள் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாயைத் திரும்பக் கொண்டுவந்து அதே சாக்கை மறுபடி காட்டினார்கள். இந்த முறை அது கூட்டத்துக்குள் புகுந்து ஏழுமலை அண்ணன் முன்னால் உட்கார்ந்தது. தினமும் அவர் விரித்துப் படுக்கிற சாக்கு அது, வேறு யார் முன்னால் உட்காரும்? இரவில் இங்கே படுப்பது யார் என்று ஏட்டு கேட்டதற்கு, அப்பா கையை நீட்டி இவன்தான் என்றார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"புள்ளைக்கு ஜுரம்னு வூட்டுக்குப் போயிருந்தேங்க. ஐயாவாண்ட சொல்லிட்டுதான் போனேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றார் அப்பா.

நாலு மோட்டார்களும் ஒரே தலையில் ஏறின. அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்கிறவர் அப்பா. அப்படிப்பட்டவருக்கும் மறதி வரும் என்று நம்பினேன், வேறு எதை நம்ப? மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா மாத்திரை கொடுத்ததைச் சொல்லி ஞாபகப்படுத்தினேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கை கழுவினார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அண்ணனின் மனைவி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பா ஷிப்டுக்குக் கொல்லை வழியாகப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் நிலத்தில் இருந்தபோது, சித்தப்பா வீட்டுப் பக்கமிருந்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பேரிங் தேய்ந்து கிறீச்சிடுகிற சத்தம் அது. எங்கள் மோட்டாரைத் தவிர வேறு எதுவும் அப்படிக் கத்தாது. அப்பா ரொம்ப நேரம் நின்று கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மோட்டார் கிடைத்துவிட்டது, புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேறு சாட்சி இல்லாததால் அண்ணனையும் விட்டுவிட்டார்கள். மற்ற மூன்று மோட்டார்களும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏழுமலை அண்ணனை எங்கள் அப்பாதான் காப்பாற்றினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

மறுநாள் அண்ணன் தன் போர்வையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போக வந்தார். காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். உள்ளே வரச்சொல்லி அம்மா கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார். அப்பா ஏதேதோ சொன்னார். வேலைக்கு வந்துவிடச் சொன்னார், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு நாய் எந்தப் பக்கம் இழுத்துதுன்னு பாத்தீங்கல்ல ஐயா?"

அப்பா வாசற்படியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தேய்த்தார். விடை தெரிந்தும் ஒருவர் சும்மா இருந்தால் எனக்குப் பொறுக்காது, வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான். இந்த முறை என் தோளில் கையும் இல்லை.

"சித்தப்பா வூட்டுப் பக்கம்ணே. அப்பாவும் பாத்தாரு. நான் பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன்."

அண்ணன் என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் நிலத்தில் அவர் கால் வைக்கவில்லை. மறதிக்கார அப்பாவுக்குச் சமயத்தில் எடுத்துக்கொடுத்துவிட்ட பெருமையோடு நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏன் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.