மூன்று பேருக்கு ஒரே பாட்டில்

பாயிஜா தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய முதியோர் காப்பகம் ஒன்றில் நர்ஸ் வேலை.

அங்கே மூன்று பேருக்குக் கண் வறட்சி. மூவருக்கும் டாக்டர் எழுதியது ஒரே சொட்டு மருந்து. ஆளுக்கொரு பாட்டில் வேண்டுமென்று மேனேஜர் ஜெயகணேஷிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"மருந்து ஒண்ணுதானே சிஸ்டர்? பாட்டில் எத்தனை இருந்தா என்ன?" என்பார்.

ஒருமுறை லீவு முடிந்து வந்தபோது, அந்த மூவரில் ஒருவரான கஸ்தூரியம்மாளின் கண் சிவந்து, பீளை கட்டி, இமை ஒட்டிக் கிடந்தது. பதறிப்போய் உதவியாள் செவ்வந்தியைத் தேடினாள். அவளோ பாட்டிலும் கையுமாகக் கொளஞ்சிநாதன் கட்டிலருகே நின்றிருந்தாள். அவரும் அந்த மூவரில் ஒருவர்; நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அந்தம்மாவுக்குப் போட்டதா இது?"

"ஆமாங்க்கா. கண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு. நுனிய இமையில அழுத்தி ஊத்துனேன். இப்ப இவருக்கும் ஊத்திட்டேன்."

"நடுவுல கை கழுவுனியா?"

"கொழாயில தண்ணி வர்லீங்களே."

அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பாயிஜா பாட்டிலைக் குப்பைக்கூடையில் எறிந்தாள். சத்தம் கேட்டு வந்த ஜெயகணேஷ் குனிந்து அதை எடுத்தார். "பாதி அப்படியே இருக்கே" என்று சட்டையில் துடைத்து, மருந்துத் தட்டில் வைத்தார். பாயிஜா அதே பாட்டிலை எடுத்துப் போய், கடைசிச் சொட்டுவரை வாஷ்பேசினில் பிழிந்தாள்.

ஆனால் மறுநாளே கொளஞ்சிநாதனின் கண்ணும் சிவந்தது. கஸ்தூரியம்மாளுக்கு ஒரு வாரத்தில் குணமாகிவிட்டது. கொளஞ்சிநாதனுக்கோ கருவிழியில் புண் வந்து, தழும்பு விழுந்து, இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது.

அவர் மகன் அருண்ராஜ் வந்து கத்தினான். "நர்ஸுன்னு எதுக்கு இருக்கீங்க?"

"வயசானா கண்ணு அப்படித்தான் சார்" என்றார் ஜெயகணேஷ்.

"வயசு இல்ல சார். ஒரே பாட்டிலை எல்லாருக்கும் போட்டிருக்காங்க. அதுல ஒட்டிக்கிச்சு" என்றாள் பாயிஜா.

அருண்ராஜ் அப்பாவை அன்றே அழைத்துப் போய்விட்டான். பிறகு பெயர் ஒட்டிய தனித்தனிப் பாட்டில்கள் வந்தன. குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. வாளியில் பிடித்து வைத்துக் கை கழுவினார்கள்.

அடுத்த மாதம் சர்க்கரை நோயாளிகள் இருவருக்கு ஒரே இன்சுலின் பேனா வந்தது.

"ஊசியத்தான் மாத்துறோமே சிஸ்டர்?"

"ஊசிய மாத்தினாலும் ரத்தம் பேனாவுக்குள்ள ஏறும் சார்!"

அதன்மேல் ஒருவர் பெயரை எழுதி ஒட்டினாள். மற்றவருக்கு ஊசி போடும் நேரத்துக்குள் புதியது வந்தாக வேண்டும் என்றாள். ஜெயகணேஷ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மருந்துக் கடைக்கா, வீட்டுக்கா என்று அவள் கேட்கவில்லை.