தேவானை விளக்கை அணைத்தாள்

ஊரூர் குப்பத்துத் தேவானைக்குக் கை நடுங்காது. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிலிக்கான் சில்லுகளில் ஒட்ட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவள். அம்மா பெசன்ட் நகரில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்; தினமும் காலையில் அவளுக்கு மீன் அறுத்துக்கொடுத்துவிட்டுத்தான் தேவானை வேலைக்கு வருவாள்.

1997இல் அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த ராகவேந்திரன் சார் அவளிடம் கொடுத்த சில்லு எள்ளைவிடச் சிறியது. அடியில் ஆறு தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. காது மிஷினுக்கு ஏதோ பாகம் என்று நினைத்து ஒட்டிக்கொடுத்தாள். யாரும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் முற்பகலில் சார் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பை டி.வி.யோடு இணைத்திருந்தார். திரையில் அவள் ஒட்டிய சில்லு. விளக்கைப் போட்டார்.

ஆறு தகடுகளையும் கால்கள்போல் ஊன்றி அது நடந்தது.

தேவானை திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "கரண்ட் ஒயரு எங்க சார்?"

"ஒயரே கிடையாது. வெளிச்சம்தான் அதுக்குச் சாப்பாடு. பக்கத்துல சூடு வந்தா தெரிஞ்சுக்கும். எந்தப் பக்கம் போகணும்னு அதுவே முடிவு பண்ணும்."

சூடேற்றிய ஊசி ஒன்றை அதனருகே கொண்டுபோனார். நின்றது, திரும்பி வேறு பக்கம் போனது. அங்கேயும் ஓர் ஊசியை வைத்தார். மறுபடி திரும்பியது. சார் சந்தோஷத்தில் மூன்றாவது ஊசியை எடுத்தார். இப்போது போக வழியில்லை. நடுவில் அங்கேயும் இங்கேயும் திரும்பித் திரும்பி உதறியது.

தேவானை எட்டி விளக்கை அணைத்துவிட்டாள். திரையில் எல்லாம் நின்றது. அவள் கை நடுங்குவதை ராகவேந்திரன் அன்றுதான் பார்த்தார்.

"இன்னா சார் பண்றீங்க அத்த?"

"அதுக்கு வலிக்காதும்மா. வெறும் சிலிக்கான்."

"டெய்லி உசுரோட மீனு அறுக்கறவ சார் நானு. மீனு துடிச்சா உசுருன்னு தெரியும். இது இன்னான்னே தெரியலையே. நான்தான ஒட்டினேன்."

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவை கையிலேயே ஆறிப்போயின.

அன்று பாதி நாளிலேயே கிளம்பிப்போன தேவானை ஒரு வாரம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள் என்றே கூடத்தில் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். பிறகு செய்த அத்தனை சில்லுகளுக்கும் அவள்தான் கம்பி ஒட்டினாள். சோதனை நடக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ராகவேந்திரன் சோதனைகளை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் எந்தச் சோதனையிலும் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்தார்.