பாதியில் நிறுத்தும் கை

என் மண்டை உடைந்ததைப் பற்றி ராயபுரத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கோயிலுக்கு ஒழுங்காக வராததற்குத் தண்டனை என்றாள் எதிர்வீட்டுக்காரி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. ஓர் இரும்புக் கொக்கி, அதுவும் காலிக் கொக்கி, காற்றில் ஆடி வந்து இடது காதுக்கு மேலே அடித்தது. அதற்குப் போய்ச் சாமியையும் பேயையும் இழுத்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

துறைமுகத்தில் எனக்குக் கை காட்டுகிற வேலை. கப்பலின் மேல்தளத்தில் கிணறு மாதிரி ஒரு பெரிய சதுர வாய் இருக்கும். அதன் விளிம்பில் நான் நிற்பேன். கீழே, ஆழத்தில், எட்டுப் பேர் மூட்டை அடுக்குவார்கள். கயிற்றைச் சுற்றிச் சுமை தூக்கும் நீராவி வின்சை ஓட்டுகிறவனுக்கு அந்த எட்டுப் பேரும் தெரியமாட்டார்கள். அவர்கள் கத்துவதும் அந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்காது. என் கையைப் பார்த்துத்தான் அவன் வின்சை ஓட்டுவான். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. கையை நீட்டினால் திருப்பு. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினால் இறக்கு. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. பதினோரு வருஷம், கீழே இருந்தவர்களில் ஒருவனுக்கும் நகம்கூடப் பெயராமல் காட்டியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கை கால் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதுதான் கொடுமை. பார்க்கிறவர்களுக்கு நான் முழு ஆள். உள்ளே எல்லாம் கலைந்து கிடந்தது. தண்ணீர் என்று நினைப்பேன், செருப்பு என்று வாயில் வரும். வேட்டியை மறந்துவிட்டு வெறும் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எல்லாவற்றையும்விட மோசம், தொடங்கியதை நிறுத்தத் தெரியவில்லை. அடுப்பை ஊதச் சொன்னால் ஊதிக்கொண்டே இருப்பேன். யாராவது தோளைப் பிடித்து இழுத்தால்தான் உண்டு.

செபம் மட்டும் வந்தது. மாலையில் என் மனைவி செபமாலையோடு உட்கார்ந்தால், டம்ளருக்குப் பெயர் சொல்லத் தெரியாத நான் மங்கள வார்த்தை செபத்தை ஒரு சொல் பிசகாமல் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். தெருவே கூடி, மாதா செய்த அற்புதம், புதுமை என்றது. எனக்கு அழுகைதான் வந்தது. மாதாவிடம் பேச முடிகிறது, பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்க முடியவில்லை. இது என்ன புதுமை?

எங்கள் மேஸ்திரி ஒருநாள் பார்க்க வந்தார். என்னை எதிரில் வைத்துக்கொண்டே என் மனைவியிடம் பேசினார்.

"இத்தப் பாரு தங்கச்சி, இவன் மண்டைல ஒண்ணும் மிச்சம் இல்ல. குடோன் பெருக்குற வேலை போட்டுத் தர்றேன். அதுக்கு இன்னா, மூளையா வோணும்?"

என் மனைவி மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். அவள் குரல் கேட்டால் டிராம் வண்டிக்காரன்கூட வேகத்தைக் குறைப்பான்.

"அவுரு பெருக்க மாட்டாரு. கைதான் காட்டுவாரு. அந்த எடத்துல வேற ஆளப் போட்டீங்கன்னா, உங்க வூட்டுக்கே கூடையோட வந்துருவேன் அண்ணே" என்றாள்.

என் தலைக்குள் நுழைய ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது, அது செபம் என்று அவள் கண்டுகொண்டாள். மறுநாளிலிருந்து வலை காய்கிற மணலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். செபத்தை நாலு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சைகை என்று கட்டினாள். முதல் துண்டுக்கு விரல் சுழலும், இரண்டாவதற்குக் கை நீளும், மூன்றாவதற்கு உள்ளங்கை அழுத்தும். ஆமென் என்றதும் முஷ்டி உயரும். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுமை என்று கணக்கு. ஒரு சுற்றுக்கு ஐம்பத்து மூன்று மணி. இரண்டு மாதத்தில் என் கை பழையபடி ஓடியது. வலை பின்னுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரியும் வந்து ஒரு சுற்று முழுக்க நின்று பார்த்தார். ஒரு பிசகும் இல்லை. "திங்கக்கெழமை வா" என்றார்.

நான் தேறிவிட்டேன் என்று முழுதாக நம்பினேன். அவளும் நம்பினாள்.

அந்தத் திங்கட்கிழமை வேர்க்கடலை மூட்டை ஏற்றும் கப்பல். உதட்டுக்குள் செபத்தைச் சொல்லிக்கொண்டே கை காட்டினேன். முதல் மூன்று சுமை பூப்போல இறங்கின. நாலாவது இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து ஒருவன் அலறினான். "இரு, இரு! காலு மாட்டிக்கிச்சி!"

எனக்குக் கேட்டது. புரிந்தது. அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செபம் நடுவில் இருந்தது, ஆமென் வரவில்லை. என் உள்ளங்கை கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தது. அது வேறு யாருடைய கையோ போல நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முஷ்டி உயர்ந்தபோது மூட்டைகள் அவன் காலில் உட்கார்ந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அந்த வெட்கத்தை எந்தச் சமாதானத்தாலும் நான் கழுவிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மேஸ்திரி ஒரு பெரிய துடைப்பத்தை எங்கள் கதவோரம் சாத்திவிட்டுப் போயிருந்தார். என் மனைவி அதை முறித்து அடுப்பில் செருகினாள். அன்றைய சோறு அதில்தான் வெந்தது.

அடிபட்டவனைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"நான் கீழ இருந்து உன்னியே பார்த்துகினு இருந்தேன். உன் கண்ணு நின்னுச்சி, கை நிக்கல. செபம் சொல்லக் கத்துகினே, நிறுத்தக் கத்துக்கல. மொதல்ல அத்தக் கத்துக்க. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனைக்காத."

எந்த டாக்டரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

என் மனைவி செபமாலையை ஆணியில் மாட்டினாள். இனி அது மாதாவுக்கு மட்டும், கைக்குக் கிடையாது என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் நடுவில் "நிறுத்து!" என்று கத்துவாள். சோற்றுக் கை வாய்க்குப் போகும் வழியில் கத்துவாள். பல் தேய்க்கும்போது கத்துவாள். முதலில் அவள் கத்தி நாலு கவளம் உள்ளே போன பிறகுதான் என் கை நிற்கும். ஆத்திரத்தில் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறேன். அவள் இன்னொரு தட்டில் சோறு போட்டு மறுபடி கத்தினாள். நாலு கவளம் மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. தெருவில் நடக்கும்போதும் கத்துவாள். ஒரு காலைத் தூக்கியபடி நான் கொக்கு போல நிற்பேன். பைத்தியத்துக்கு வாய்த்த பைத்தியக்காரி என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் யாராவது தூக்கிய காலை நினைத்த இடத்தில் நிறுத்திக் காட்டட்டும் பார்க்கலாம் என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்கிற அளவுக்குச் சொற்களும் அப்போது திரும்பியிருந்தன.

ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் போயின. மேஸ்திரியிடம் போய் என் இடத்தைக் கேட்டேன். கீழே இறங்குகிறவர்கள் சம்மதித்தால் எனக்கென்ன என்றார். ஏழு பேர் எட்டாவது ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கால் முறிந்தவன் அதற்குள் விந்தி விந்தி வேலைக்கு வந்துகொண்டிருந்தான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினான். மற்ற ஏழு பேரும் பின்னால் இறங்கினார்கள்.

அன்றைக்கு என் உதடு அசையவில்லை. கண்ணால் பார்த்தேன், பார்த்ததைக் காட்டினேன். முற்பகல் முழுவதும் ஒழுங்காகப் போயிற்று. மத்தியானம் ஒரு சுமை பாதி ஆழத்தில் தொங்கும்போது தலைகளை எண்ணினேன். ஏழுதான் இருந்தன. விந்துகிறவனைக் காணவில்லை. என் முஷ்டி உயர்ந்தது. வின்சு பெருமூச்சு விட்டு நின்றது.

"எறக்குடா!" என்று மேஸ்திரி கரையிலிருந்து கத்தினார். "கப்பல் இன்னிக்குக் கெளம்பணும். மறுபடியும் மறை கயண்டுகிச்சா உனக்கு?"

நான் அசையவில்லை. அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார், என் அம்மாவையும் சேர்த்து. முஷ்டி அப்படியே நின்றது. கடைசியில் தூரத்து மூலையில் மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து அவன் வெளியே வந்தான். தரையில் சாக்கு விரித்துக்கொண்டிருந்திருக்கிறான். சுமைக்கும் அவனுக்கும் பத்தடிக்கு மேல் இருக்கும்.

"இன்னாத்துக்கு நிறுத்தினே?" என்று அண்ணாந்து கேட்டான்.

"உன்னக் காணோம்."

"இங்கதான் கீறேன். எறக்கு" என்றான்.

மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "ஒருத்தனும் கத்தல, ஒண்ணும் ஆவல, சும்மாவே நிறுத்திகினான்!"

ஆமாம். கீழிருந்து ஒருவனும் கத்தவில்லை, என் மனைவி பக்கத்தில் இல்லை. நானாக யோசித்தேன், நானாக நிறுத்தினேன். அவர் சிரித்து முடிக்கும்வரை முஷ்டியை அப்படியே வைத்திருந்துவிட்டு, பிறகு இறக்கச் சொன்னேன்.