ஏலகிரிக்கு வந்த ஜீப்

1. சாவி

ஏலகிரி லாட்ஜ் வாசலில் எங்கள் ஃபேக்டரி ஜீப் வந்து நின்றபோது நான் மகள் நிஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மலைக்கு வந்து ஒரு இரவுதான் ஆகியிருந்தது. டிரைவர் பாபு பாய் இறங்கி வந்து தயங்கிக்கொண்டே சொன்னார்.

"மேடம், பையரோட ஆளு இன்னிக்கே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துட்டாரு. சீல் சாம்பிள் பீரோ சாவி உங்கள்ட்ட இருக்குதாமே. சார் ஒரே பேஜாரா இருக்காரு."

நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் கியூசி, அதாவது சரக்கின் தரம் பார்ப்பவள். சரக்கை வாங்கும் கம்பெனிதான் பையர்; அவர்கள் ஒப்புக்கொண்டு முத்திரை போட்டுத் தரும் ஒரு ஜோடி ஷூவைச் சீல் சாம்பிள் என்போம். அனுப்பப்போகும் சரக்கை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அது இருக்கும் பீரோவின் சாவி கியூசியின் பொறுப்பு. லீவில் போகும்போது இன்னொருவரிடம் ஒப்படைத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை.

2. தங்கும் ஊர்

வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்த மே மாதம்தான் ஐந்து நாள் லீவு கேட்டேன். கணவர் ஜெயசீலன் பள்ளி ஆசிரியர். காட்பாடியிலிருந்து கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ஏழு வயது நிஷா அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

லீவு படிவத்தில் 'தங்கும் ஊர்' என்று ஒரு வரி உண்டு. மேனேஜர் அதில் பேனாவை வைத்தார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, நாடே முடியற எடத்துக்குப் போற? அதுக்கப்புறம் தண்ணிதான்."

"பொண்ணு ஆசப்படறா சார்."

"ஆசப்படட்டும். இது ஷிப்மென்ட் டைம். ஏலகிரி இன்னா கெட்டுப்போச்சு? அங்கயும் ஜில்லுனுதான் இருக்கும்."

லீவு இல்லை என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் கன்னியாகுமரியை அடித்துவிட்டு மேலே ஏலகிரி என்று எழுதினேன். எழுதாவிட்டால் லீவு கிடைத்திருக்காது என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உனக்கு லீவு குடுக்கல. ஊர மாத்திக் குடுத்திருக்காங்க" என்றார் கணவர். மறுநாள் போய் டிக்கெட்டை ரத்து செய்தார்.

"அங்க கடல் இருக்குமாம்மா?" என்று நிஷா கேட்டாள்.

"ஏரி இருக்கும். போட் இருக்கும்."

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாவியை ஒப்படைக்க ரிஜிஸ்டரைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். கிட்டத்தில்தானே இருக்கப்போகிறோம், இன்னொருவர் கையில் கொடுத்து அது தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். கன்னியாகுமரி என்றால் கட்டாயம் ஒப்படைத்திருப்பேன்.

3. ஒரு பக்கப் பின்னல்

"சாவிய பாய்கிட்ட குடுத்தனுப்பு. வேல முடிஞ்சுது" என்றார் கணவர்.

கொடுத்திருக்கலாம். கைப்பையைத் திறந்தும்விட்டேன். கையெழுத்தில்லாமல் சாவி கை மாறி, சாம்பிளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் வந்தது. மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறினேன். நிஷாவுக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் மேனேஜர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"நீ எதுக்கும்மா வந்த? சாவி வந்தா போதும்னுதான வண்டி அனுப்பினேன்."

பீரோவைத் திறந்து சாம்பிளை எடுத்துக் கொடுத்தேன். அவர் தொடர்ந்தார்.

"வந்ததுதான் வந்துட்ட. அடுத்த லாட்டையும் ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடு."

அந்த லாட்டில் இருந்த ஜோடிகளை எல்லாம் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் கணவரும் நிஷாவும் லாட்ஜ் ரூமைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். படகில் எடுத்த போட்டோவில் அப்பாவும் மகளும் மட்டும் இருக்கிறார்கள். அவள் தலையில் ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் ரப்பர் பேண்ட்.

4. புதிதாக வந்தவர்களுக்கு

கியூசிக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். 'தங்கும் ஊர்' என்ற வரியில் நீங்கள் போக நினைக்கும் ஊரை எழுதுங்கள். ஃபேக்டரிக்குப் பக்கமாக ஒரு ஊரை எழுதினால் அவர்கள் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் நாமே போய் நிற்போம்.

இரண்டு வருடம் கழித்து, இந்த மே மாதத்துக்குக் கன்னியாகுமரி என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அன்றைக்கும் நான் ஊரை மாற்றாமல் நின்றிருந்தால் இப்படித்தான் போட்டிருப்பாரோ என்ற கேள்வி இனி என்னை விடாது.

வீட்டுக்கு வந்து நிஷாவிடம் சொன்னேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்க ஜீப் வருமாம்மா?" என்றாள்.