மணிராஜ் ஆடாத கொடை

எங்கள் ஊர்ச் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிற மணிராஜ் என் சேக்காளி. ஏரல் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சோற்றைக் கண்டால் விடமாட்டான், வாயைத் திறந்தால் மூடமாட்டான். கோயில் திருவிழாவான கொடையன்று இடுப்பில் சாமியாடிக்கு உரிய சல்லடம் கட்டி வேல்கம்பைத் தூக்கிவிட்டால் ஊரே அவன் முன்னால் நின்று குறி கேட்கும். மகளுக்குக் கல்யாணம் எப்போது, காணாமல் போன மாடு எங்கே என்று எல்லாவற்றுக்கும் சாமி அவன் வாயால் பதில் சொல்லும்.

இந்த வருசம் கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய கையோடு, ஆற்றங்கரையில் வண்டியைக் கழுவும்போது, "ஏலே, எனக்குச் செத்துப்போவணும்னு தோணுதுலே" என்றான்.

நான் பெரிய புத்திசாலி அல்லவா? "கொடைய வச்சுக்கிட்டு பேசுத பேச்சாலே இது, மூதி" என்று வைதேன். ஒரு வசவுக்கு ஒன்பது வசவு திருப்பித் தருகிறவன், பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தான்.

கரையில் உட்காரவைத்துக் கேட்டேன். கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. மாசக்கணக்காகத் தூக்கம் கிடையாது, சோறு இறங்கவில்லை, எதற்கு எழுந்திரிக்கிறோம் என்றே தெரியவில்லை என்றான். அவன் இளைத்துப்போனதைப் பார்த்து, கொடைக்குக் கடும் விரதம் இருக்கிறான் என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. நானும்தான் மெச்சினேன், மடையன்.

"வெளிய தெரிஞ்சா, சாமி இவன விட்டுப் போயிட்டுன்னு சொல்லுவாவ" என்றான். அதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

அன்று அவனைத் தனியே விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் அவன் மனைவி கலைச்செல்வியிடம் சொல்லவைத்தேன். அவள் அழுதாள், பிறகு அவனுக்கு இலை போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சங்கரி, சாகிற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்டார். அவனும் நேராகவே சொன்னான். மாத்திரை எழுதிக்கொடுத்து, ராத்திரி கண்விழிக்கக் கூடாது, இந்தத் தடவை விரதமும் ஆட்டமும் வேண்டாம், வாராவாரம் வந்து பேச வேண்டும் என்றார்.

ஆடாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே! வயிற்றுவலி என்று சொல்லிவிடு என்றேன். அவன் கேட்கவில்லை. கூட ஆடுகிற தேவேந்திரன் அண்ணாச்சியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லி, யார் கேட்டாலும் மறைக்க வேண்டாம் என்று வேல்கம்பைக் கொடுத்துவிட்டு வந்தான். பயந்துகொண்டேதான் கொடுத்தான். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

மதியக் கொடையில் அண்ணாச்சிக்கு அருள் வந்தது. மணிராஜ் கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்து நின்றான். சாமி எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் வந்தது. ஏசப்போகிறது என்று நினைத்து நான் அவனை ஒட்டிப் போய் நின்றேன். நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, "நான் ஒன்ன விட்டு எங்கயும் போவலலே. நீ எங்கள விட்டுப் போயிராத. மாத்திரைய நிறுத்திராத" என்றது.

மேளம் நின்றுவிட்டது. மணிராஜ் ஏதோ சொன்னான், அழுகையில் கேட்கவில்லை. சாமி நகராமல் நின்றது.

"போவமாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொன்னான்.