மாமா கையை உதறிய இடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்சி கட்ட ஒரு காரணம் கிடைத்தால் போதும். தொழிற்சங்கத்தில் இரண்டு கட்சி, கோயில் கமிட்டியில் இரண்டு கட்சி, கிரிக்கெட் என்றால் வீட்டுக்கு வீடு கட்சி. ஆனால் ஒரு கிட்டார் வாசிப்புக்காக, அதுவும் அரை நிமிட வாசிப்புக்காக, அதற்குள்ளும் வாசிக்காமல் சும்மா நின்ற ஏழெட்டு நொடிக்காக ஒரு தோட்டமே இரண்டுபட்டது என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வாசித்தவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில், கொழுந்து அரைக்கிற ரோலர் மிஷினில் அவருக்கு வேலை. சனி, ஞாயிறில் ஹட்டன் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பார். கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போவார். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில்தான் அவரும் அத்தையும் இருந்தார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர். மாமா பழகுகிற பாட்டெல்லாம் எங்களுக்கும் மனப்பாடம். அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. ஃபேக்டரி மிஷின் சத்தம் போதாதென்று வீட்டிலும் ஒன்றா என்பார்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் கச்சேரியை மழைக்குப் பயந்து பகலிலேயே வைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. முன்வரிசையில் இடம் கிடைக்காததால், வாசிக்கிறவர் என் மாமா என்கிற உரிமையில் மேடையிலேயே ஏறி அவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பழைய படப்பாட்டு. நடுவில் பாடகி நிறுத்தியதும் மாமா தன்பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தார். சுரம் ஏறிக்கொண்டே போனது. உச்சிக்குப் போன இடத்தில் சட்டென்று நின்றது. டிரம்ஸ்காரர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு பக்கமாகக் குனிந்தார், நிமிர்ந்தார், இடது கையை மூன்று தரம் உதறினார். பிறகு அடி நரம்பில் இரண்டிரண்டு சுரமாக, ரொம்ப மெல்ல இறங்கி வந்தார். அந்த இறக்கத்தில் கீழே பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள். ஏன் அழுதார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இதை ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் தன் ஃபோனில் வீடியோ எடுத்திருந்தார். அது ஃபோனுக்கு ஃபோன் தாவி மஸ்கெலியா போனது, அக்கரப்பத்தனை போனது, கொழும்பில் கடைகளில் நிற்கிற எங்கள் பையன்களுக்குப் போனது. ஒரு மாதத்துக்குள் எங்கள் பக்கத்தில் விளக்குமாற்றைக் கிட்டாராகப் பிடிக்காத பிள்ளை இல்லை. பிடித்த எல்லோரும் பாதியில் நிறுத்தி இடது கையை மூன்று தரம் உதறினார்கள். அதுதான் ஸ்டைல்.

திருவிழா முடிந்து ஏழாவது வாரம், ஃபேக்டரி வாசலில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டு நின்ற மாமா அப்படியே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் பெட்டியில் கொண்டு வந்தார்கள். முப்பத்தொரு வயது. அத்தைக்கு அப்போது ஏழு மாதம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தையிடம் ஒன்று கேட்டிருக்கிறார். இதற்கு முன்னால் கை மரத்துப் போனதா, விரலில் உணர்ச்சி இல்லை என்று எப்போதாவது சொன்னாரா என்று. இப்படிப்பட்ட நோய் பல பேருக்கு முன்கூட்டியே ஒரு தரம் வந்து காட்டிவிட்டுப் போகும், அப்போதே கூட்டி வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றாராம். இல்லவே இல்லை என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்வி அதன்பிறகு அவளை விடவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று தண்ணி பிடிக்கப் போகிற பீலியில் பெண்கள் பேசினார்கள். அவள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். பாவிகள். அத்தை ஃபேக்டரி ஆட்களிடம் போய்க் கேட்டாள், இசைக்குழு ஆட்களைத் தேடி ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டாள்.

"கை மரத்துப் போச்சுன்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராங்க?"

யாரிடமும் சொல்லவில்லை என்றார்கள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிள்ளையைப் பெற்றாள், எழுந்து நடமாடினாள், மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். என்னிடம் அவள் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் போய் யார் கேட்பார்கள்?

பிறந்தது ஆண் பிள்ளை. எட்டு மாதத்திலேயே லயத்துப் பையன்கள் அவனுக்கு ஒரு வித்தை பழக்கிவிட்டார்கள். "அப்பா எப்படி கிட்டார் வாசிப்பாரு?" என்று கேட்டால் இடது கையைத் தூக்கி உதறுவான். அந்த ஒரு வருடத்தில் அத்தை சிரித்து நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் செய்துகாட்டச் சொல்வாள்.

வருடம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் அஞ்சலி நிகழ்ச்சி வைத்தார்கள். மாமாவின் படத்துக்கு மாலை, முன்வரிசை நடுவில் மடியில் பிள்ளையோடு அத்தை, அவள் பக்கத்தில் நாங்கள். அந்த வாசிப்பை வாசிக்க மாமாவின் பழைய இசைக்குழுவிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் நரம்பு முறுக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. உதறல் இல்லாமல் வாசித்தால் அஞ்சலியே இல்லை என்பது ஆட்டோ அண்ணன் கட்சி. எங்கள் பாடசாலைக்குச் சங்கீதம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சார் அதற்கு எதிர்க்கட்சி. கை உதறுவதெல்லாம் வேடிக்கை, நின்றதுதான் சங்கீதம் என்பார் அவர். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவம்.

கடைசியில் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். உச்சிக்குப் போய் நிறுத்தி கையை உதறினான். மண்டபத்தில் இருநூறு பேரும் இடது கையைத் தூக்கி அவனோடு சேர்ந்து மூன்று தரம் உதறினார்கள். அத்தை அழுதுகொண்டே பிள்ளையின் கையைப் பிடித்து உதறிவிட்டாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் சார் மேடைக்குப் போய்விட்டார். பையன் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துவிட்டானாம், நிற்க வேண்டிய அளவு நிற்கவில்லையாம். அந்த வீடியோவைப் போட்டு, ஃபோனை மைக்கில் வைத்தார்.

"வடிவாக் கேளுங்கோ. அந்தாள் சும்மா நிக்கேல்லை. ஒண்டு, ரெண்டு எண்டு மெல்லிசா ஒரு குரல் கேக்குது. அஞ்சு வரைக்கும் எண்ணுது. அஞ்செண்டா கண்ட நடைத் தாளம். கணக்காத்தான் விட்டு எடுத்திருக்கிறார்."

ஆட்டோ அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இடத்திலிருந்தே எழுந்தார்.

"சார், அண்ணன் எந்தக் காலத்துல சார் எண்ணி வாசிச்சாரு? அவருக்கு அதெல்லாம் தானா வரும். அந்தச் சத்தம் கூட்டத்துல எவனோ பேசுனது. அத வச்சிக்கிட்டு எங்க அண்ணனுக்குக் கணக்குச் சொல்லித் தாறீங்களா?"

அரை மண்டபம் சாருக்குக் கை தட்டியது, அரை மண்டபம் அண்ணனுக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எவனோவாம்! இத்தனை பெரிய ஆட்கள் ஒரு வருடமாக அடித்துக்கொள்கிற கேள்விக்கு இந்தத் தோட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் விடை தெரியும். அம்மா என் கவுனைப் பிடித்தாள். உதறிவிட்டு மேடைக்குப் போனேன். சார் மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"அது நான் சார். நான்தான் எண்ணுனேன்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்தேன். வகுப்பில் கதை சொல்லும்போது அப்படித்தான் நிற்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மாமா குனிஞ்சு இடது கைய எங்கிட்ட நீட்டுனாங்க. பாப்பா, வெரலு அஞ்சும் இருக்கா, எண்ணிச் சொல்லுன்னாங்க. நான் தொட்டுத் தொட்டு எண்ணுனேன். அஞ்சும் இருந்துச்சி. மாமாவுக்குக் கை இருக்கிறதே தெரியலயாம். அதான் உதறுனாங்க. அப்பவும் ரெண்டு வெரலுதான் அசஞ்சிச்சாம். அதுனாலதான் மெதுவா வாசிச்சாங்களாம். கச்சேரி முடிஞ்சி பின்னால வந்து சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிருச்சி."

சொல்லிவிட்டு முதலில் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆட்டோ அண்ணனைப் பார்த்தேன்.

"அப்ப அது ஸ்டைல் இல்லியா?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"இல்லண்ணே" என்றேன். இரண்டு கட்சியும் தோற்றுவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன். யாராவது கை தட்டுவார்கள் என்று நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. தண்ணிப் பீலியில் பேசிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் என் மேல் பொறாமை என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது அத்தை மடியில் இருந்த பிள்ளை, எல்லோரும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டானோ என்னவோ, இடது கையைத் தூக்கி உதறினான். அத்தை அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். கீழே இறக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். அவள் விடவில்லை.

"அன்னைக்கே ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். மேடைக்குப் பின்னால் மாமா அந்தக் கையைப் பிசைந்துகொண்டே, அத்தை புள்ளத்தாச்சி, ஏற்கெனவே ஒண்ணு தங்கல, பயந்துக்குவா, சொல்லிறாத என்று அம்மன் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். மாமா செத்த அன்றும் நான் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதையும் மரத்துப் போவதையும் பற்றிப் பெரியவர்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாதக்கணக்கில் பேசியபோதும் சொல்லவில்லை. அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த நோய் காய்ச்சலும் இருமலும்தான். மாமாவுக்குக் காய்ச்சல் இல்லையே.

"மாமா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க அத்தை. நீங்க பயந்துக்குவீங்களாம்" என்றேன் மைக்கிலேயே. அது மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு வருடம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், அதைச் சொன்னால் அவளாவது மெச்சுவாள் என்று இருந்தது.

அத்தை பிள்ளையின் கையை விடாமலே கேட்டாள்.

"எண்ணுறப்ப அவரு கை எப்படி இருந்துச்சி? சூடா இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா?"

"சில்லுன்னு இருந்துச்சி அத்தை."

உடனே சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இன்னும் கேட்டால் இன்னும் சொல்லலாம் என்று மைக்கைப் பிடித்தபடி அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டிருந்தேன்.